24 வெறும் போத்தல்

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் இறங்குதுறையில் அன்று காலை நான்தான் எல்லோருக்கும் வேடிக்கை. நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், ஐஸ் பெட்டி என்று ஏற்றிக்கொண்டிருக்க, நான் ஏற்றியது 24 வெறும் போத்தல். கிணற்று நீரில் எவ்வளவு உப்பு என்று அளந்து, மாதிரி எடுத்து வருவதுதான் எனக்குத் தந்திருந்த வேலை.

ஓகஸ்ட் மாதம். சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, நன்றாக எழும்பியிருந்தது. ஒரு மணித்தியாலப் பயணத்தில் பாதி நேரம் போத்தல் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா மடியிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து, "மணந்துகொண்டு இருங்கோ" என்று கையில் வைத்தார். வேலை முடிந்து வீடு திரும்பும் வரை அது என் சட்டைப் பையிலேயே கிடந்தது.

மாவிலித்துறையில் இறங்கினால் 1985 மே 15 அன்று குமுதினி படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவு முன்னால் வந்துவிடும். அந்தப் படகின் பெயரைச் சொல்லும்போது தீவுக்காரர்களின் குரல் கொஞ்சம் தாழும். நான் எதுவும் கேட்கவில்லை.

உல்லாசப் பயணிகள் மட்டக்குதிரை, பெருக்க மரம், ஒல்லாந்தர் கோட்டை என்று பார்க்க வருவார்கள். நான் பார்த்ததெல்லாம் கிணறுகள். அவற்றுக்குப் போகிற வழியெங்கும் முருகைக்கல் வேலிகள். சீமெந்து கிடையாது, கல்லுக்கு மேல் கல், அவ்வளவுதான். புல் கருகி, நிலம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கிணற்றடிகளில் மட்டும்தான் பச்சை.

இந்தத் தீவில் ஆறு கிடையாது. மாரியில் பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது, கறிக்கு மேல் எண்ணெய் மிதப்பதுபோல. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. படித்தபோது அது நல்ல செய்தியாகத்தான் தெரிந்தது. கிணற்றடியில் நின்று பார்க்கும்போதுதான் மற்றப் பக்கம் உறைத்தது: மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து 40 அடிக்கு உப்பு ஏறும். மோட்டர் பூட்டி இறைத்தால் கிணறு பழுதாகிவிடும் என்று அங்கே பலரும் சொன்னார்கள். அவர்கள் அந்தக் கணக்கைப் படித்தவர்கள் இல்லை.

கரையோரத்தில் ஒரு வீடு. முற்றத்தில் ஐயா ஒருவர் நண்டு வலையில் சிக்கியிருந்த கால்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி வாளியில் தண்ணீர் அள்ளித் தந்தார். மாதிரி எடுக்கும் முன் போத்தலை அதே தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும் என்பது விதி. ஒருமுறை அலசிக் கீழே ஊற்றினேன்.

"தம்பி, நில்லுங்கோ!"

உள்ளே ஓடிப்போய் ஒரு பேசினைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். "இதுக்குள்ளை ஊத்துங்கோ. ஆட்டுக்கு ஆகும்." அடுத்த இரண்டு முறையும் பேசினுக்குள் ஊற்றினேன். ஆடு வந்து குடித்தது. காலையிலிருந்து நாலு கிணற்றடியில் நிலத்தில் ஊற்றியதை மனம் எண்ணிப் பார்த்தது. அங்கெல்லாம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மரியாதைக்குப் பேசாமல் இருந்திருப்பார்கள்.

மீற்றர் 4,200 மைக்ரோசீமென்ஸ் காட்டியது. உப்பு ஏற ஏற இந்த எண்ணும் ஏறும். "உப்புக் கூட" என்றேன். "ஓம், இதிலை பருப்பு அவியாது" என்றார் அம்மா. சவர்க்காரமும் நுரைக்காதாம். என் மீற்றர் உப்பைத்தான் சொல்லும், பருப்பைப் பற்றிச் சொல்லாது.

அப்புறம் படிவம். 'பிரதான நீர் மூலம் எது?' ஒன்றுக்கு மட்டும் சரி போட வேண்டும். அம்மா விரல் மடித்துச் சொன்னார்: குடிக்க, தேத்தண்ணிக்கு பவுசர் லொறியில் வருகிற தண்ணீர்; சோறு, பருப்புக்கு மகன் சைக்கிளில் கானில் கட்டிவருகிற நல்ல கிணற்றுத் தண்ணீர்; குளிக்க, ஆட்டுக்கு இந்தக் கிணறு; மீனும் சட்டியும் முதல் கழுவுவதற்குக் கடல். ஒரு குசினிக்குள் நாலு தண்ணீர், ஒன்றோடு ஒன்று கலக்காமல். கட்டத்தில் 'கிணறு' என்று சரி போட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஓரத்தில் எழுதினேன். பிறகு கணினியில் ஏற்றியவர்கள் ஓரத்தை ஏற்றவில்லை. அறிக்கையில் அந்த வீட்டுக்கு ஒரே தண்ணீர்தான்.

ஐயா அதுவரை பேசவில்லை. வலையை விட்டுக் கண்ணெடுக்காமலே சொன்னார்: "குடிக்கிற தண்ணியைச் சமாளிச்சுப் போடுவம் தம்பி. ஐஸ்தான் கரைச்சல்." நான் போன நேரம் அவர்களுக்கு ஐஸ் பட்டினத்திலிருந்துதான் வந்தது, பஸ்ஸிலும் படகிலும் பாதி கரைந்து வரும். நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் ஐஸை எங்கே உறைய வைப்பது? ஆகவே நண்டு உயிரோடு போயாக வேண்டும், மீனை வியாபாரி சொன்ன விலைக்கு விட வேண்டும், மிஞ்சினால் கருவாடு. உவர்நீர் என்றால் சிறுநீரகம், பல் என்று மட்டும் யோசித்துக்கொண்டு வந்தவனுக்கு, அது மீன் விலையையும் இறக்கும் என்பது அந்த முற்றத்தில்தான் தெரிந்தது.

வலை ஏன் இவ்வளவு கிழிந்திருக்கிறது என்று கேட்டேன். கடலடியை வலையால் வாரி இழுத்துக்கொண்டு போகிற இந்திய இழுவைமடிப் படகுகள் திங்கள், புதன், சனி வருமாம். அந்த இரவுகளில் வலை விட்டால் வலையே மிஞ்சாது. இலங்கையில் இழுவைமடிக்கு 2017இலேயே சட்டத் தடை வந்துவிட்டது. அதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த நண்டுக்காலைக் கழற்றினார்.

புறப்படும்போது அம்மா பத்திரிகைத் தாளில் கொஞ்சம் கருவாடு சுற்றித் தந்தார். தேத்தண்ணியும் தந்தார், பவுசர் தண்ணீரில். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. முழுவதையும் குடித்தேன்.

பின்னேரப் படகில் பெட்டியை ஏற்றக் கை கொடுத்த பையன் பாரத்தில் முகத்தைச் சுளித்தான். "என்ன அண்ணை உள்ளுக்கு?"

"கிணத்துத் தண்ணி."

"தண்ணியோ? இஞ்சை வாறதைத்தான் பாத்திருக்கிறன். இஞ்சையிருந்து போறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று சொல்லி, அதைக் காலி ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.