புனித தேவசகாயம் இழுத்துச் செல்லப்பட்ட வழியில் ஒரு நாள்

என் கணவர் பக்கவாதத்தில் படுத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்த நான்கு ஆண்டுகளில் எங்களைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும், "உங்களுக்கு எவ்வளவு பொறுமை!" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். அந்தச் சொல் என்னைத் தேற்றியதில்லை. இரவு மூன்று மணிக்குப் படுக்கை விரிப்பை மாற்றும்போது என் மனத்தில் எழும் முணுமுணுப்பு அவர்கள் காதில் விழுந்ததில்லை. விசுவாசத்துக்காக ஒரே வாள்வீச்சில் உயிரைக் கொடுத்து விண்ணகம் சேர்ந்த மறைசாட்சிகளை நான் வணங்குகிறேன். ஆனால் எனக்கு வேண்டியிருந்தவர், என்று முடியும் என்று தெரியாத துன்பத்தை ஒவ்வொரு விடியலிலும் மறுபடி எடுத்துச் சுமந்த ஒருவர். அவரைத் தேடித்தான், நாத்தனாரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, குமரி மாவட்டத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ விசுவாசத்துக்காகப் பாடுபட்டு உயிர்விட்ட புனித தேவசகாயத்தின் தடங்கள் உள்ள ஊர்களுக்கு ஒரு நாள் பயணமாகப் புறப்பட்டேன்.

அவர் 1712 ஏப்ரல் 23 அன்று நீலகண்ட பிள்ளையாகப் பிறந்த நட்டாலத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. அங்கிருந்து உதயகிரிக் கோட்டைக்குப் போனேன். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்த டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டிய கல் அது. கால்நடைகளையும் உடைமைகளையும் இழந்து மனம் சோர்ந்திருந்த அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளைக்கு விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னவர் இந்த டிலனாய். நாட்டையும் விடுதலையையும் இழந்த ஒருவர், சொத்தை இழந்த ஒருவருக்கு, எல்லாவற்றையும் இழந்த ஒருவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் என்பதை அந்தக் கல்லறைக்கு அருகில் நின்றபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். "ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார். ஆண்டவரது பெயர் போற்றப்பெறுக!" என்ற யோபுவின் வாக்கு நமக்கு மனப்பாடம். அதே யோபு தாம் பிறந்த நாளைச் சபித்ததை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

அந்தக் கதை கேட்டவர் 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்று, லாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகியதும், மனிதர் யாவரும் சமம் என்று பேசியதும் மேலிடத்தாரின் பகையை வளர்த்தன. 1749 பிப்ரவரியில் அவர் கைது செய்யப்பட்டார். எருமை மீது பின்னோக்கி உட்கார வைத்து, கழுத்தில் எருக்கம்பூ மாலையிட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சாட்டையால் அடித்து, புண்களில் மிளகாய்ப்பொடியைத் தேய்த்தார்கள். இது ஒரு நாளோ ஒரு வாரமோ அன்று, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்.

புலியூர்க்குறிச்சியில் உள்ள முட்டிடிச்சான் பாறையில்தான் என் தேடலுக்கு முதல் விடை கிடைத்தது. அடிபட்டு, தாகத்தால் துவண்டு, தண்ணீர் கிடைக்காத நிலையில் அவர் செபித்துவிட்டுப் பாறையில் முழங்கை முட்டியால் இடித்தார் என்றும், நீர் சுரந்தது என்றும் மக்கள் தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். அந்த நீரைக் கையில் ஏந்தியபோது எனக்கு அற்புதத்தைவிட அந்தத் தாகம்தான் பெரிதாகத் தெரிந்தது. புனிதருக்குத் தாகம் எடுத்திருக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை. கடவுளிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார். துன்பத்தை விசுவாசத்தோடு தாங்குகிறவர் எதையும் கேட்கக்கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது என்று நான் எங்கிருந்து கற்றுக்கொண்டேன் என்று தெரியவில்லை, தேவசகாயத்திடமிருந்து அல்ல. சிறிய பாட்டிலில் அந்த நீரை நிரப்பிக்கொண்டேன்.

அடுத்துப் பெருவிளை. இங்கே ஒரு வேப்பமரத்தில் அவரை ஏழு மாதம் கட்டி வைத்திருந்தார்கள். பாடுகளின் வரலாற்றில் இந்த ஏழு மாதத்தைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ இதுவே மையமாகத் தோன்றுகிறது. துப்பாக்கியும் இல்லை, கூட்டமாகப் பார்க்கும் ஊர்வலமும் இல்லை. வெயில், மழை, பூச்சிக்கடி, இயற்கை உபாதைக்குக்கூட அடுத்தவர் தயவு. படுக்கையில் அசைய முடியாமல் கிடப்பவரின் நாள் எப்படிக் கழியும் என்பதை நான் அருகிலிருந்து பார்க்கிறவள். ஆகவே அந்த மரத்தடியை என்னால் கண்முன் கொண்டுவர முடிந்தது. அந்த நிலையிலும் நோயாளிகள் அவரைத் தேடி வந்தார்கள், அவர் அவர்களுக்காகச் செபித்தார் என்பது மரபு. ஆலயத்தில் செபமாலையோடு இருந்த ஒரு பாட்டி, நான் அழுவதைக் கண்டு அருகில் வந்து, "மக்களே, ஏழு மாசம் கெடந்தாராக்கும். ஒவ்வொரு நாளாத்தான் கெடந்தாரு" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மாலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் போய்ச் சேர்ந்தேன். காற்றாடிமலை என்ற பெயருக்கேற்ப அங்கே காற்று ஆளைத் தள்ளுகிறது. தொலைவில் முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்கின்றன. 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில் அவரைச் சுட்டுக் கொன்று உடலைக் காட்டில் எறிந்தார்கள். இறுதிச் செபத்தின்போது அவருடைய முழங்கால்கள் பதிந்த தடம் என்று மக்கள் காட்டும் பாறையில் நானும் மண்டியிட்டேன். யோபுவுக்குக் கடைசியில் 14,000 ஆடுகளும் 6,000 ஒட்டகங்களும் கிடைத்தன, பிள்ளைகளும் பிறந்தார்கள். அந்த யோபுவால் தேற்றப்பட்ட தேவசகாயத்துக்கு இம்மையில் ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை. கதையின் முடிவு தமக்கும் அப்படியே அமையும் என்று எதிர்பாராமல், அதில் வரும் கடவுளை மட்டும் அவர் நம்பியிருக்கிறார். கணவர் எழுந்து நடக்க வேண்டும் என்று மட்டுமே நான்கு ஆண்டுகளாகச் செபித்த எனக்கு, அந்தப் பாறையில் வேறு சொற்கள் வந்தன.

கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் பீடத்தின் முன் அவருடைய எலும்புகள் அடக்கம் செய்யப்பட்ட இடத்தை அடைந்தபோது இருட்டிவிட்டது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில், புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளராகவும், 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டவர், குருவோ துறவியோ அல்லாத ஒரு குடும்பத் தலைவர். வடக்கன்குளத்து மண்ணில் துயிலும் ஞானப்பூ அம்மாளையும் நினைத்து அவருக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். கட்டிவைக்கப்பட்டவரின் மனைவியாக வாழ்ந்தவர் அவர்.

வீடு திரும்பியபோது நள்ளிரவு. கணவர் விழித்திருந்தார். மருத்துவர் சொன்ன முறைப்படி பஞ்சை அந்தப் பாறை நீரில் நனைத்து அவருடைய உதட்டில் ஒற்றினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, இன்னும் வேண்டும் என்பதுபோல் வாயைத் திறந்தார்.