கவலைக்கு முறை வைத்தல்

ஜூன் 12

மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள். பள்ளி ஆலோசகர் படிப்புக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு வகுப்பு தொடங்குவதும் ஏறக்குறைய இந்த நேரத்தில்தான்.

"கவுன்சிலிங் படிக்கிறேன்" என்று சொன்னால் தஞ்சாவூர்ப் பக்கம் பாதிப் பேர் இன்ஜினியரிங் சீட்டு எடுக்கும் கவுன்சிலிங் என்று நினைப்பார்கள். மீதிப் பேர் "பசங்களுக்கு அட்வைஸ் பண்றதுதானே" என்பார்கள். ரெண்டும் இல்லை என்று சொல்லிச் சொல்லியே முதல் படபடப்பு வந்துவிடும். அடுத்த கேள்வி உள்ளிருந்து வரும்: எனக்கே இவ்வளவு பதற்றம், நான் எப்படிப் பிள்ளைகளுக்குச் சொல்வது? பதற்றம் இருப்பது தகுதிக்குறைவே இல்லை. அது போன பிறகுதான் குழந்தை முன்னால் உட்காருவேன் என்று காத்திருப்பதில்தான் கோளாறு. அந்தக் காத்திருப்புக்குப் பெயர் தவிர்ப்பு. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். இந்தக் குறிப்பேடு முழுக்க இந்த ஒரு முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்க்கிறது.

ஜூன் 15

முதலில் பதற்றத்தை அளந்து வையுங்கள். ஜிஏடி-7 என்ற வினாத்தாள் போதும். 2006-இல் வந்தது, ஏழே கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் 3. மொத்தம் 21. ஐந்திலிருந்து லேசானது, பத்திலிருந்து நடுத்தரம், பதினைந்திலிருந்து கடுமையானது.

தினமும் நிரப்புவது தப்பு. நாடித்துடிப்பை நிமிடத்துக்கொரு தரம் பிடித்துப் பார்ப்பது போல அதுவே ஒரு கவலையாகிவிடும். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் போதும். இது சல்லடை மட்டுமே, நோய் இன்னதென்று சொல்லாது. பத்தும் அதற்கு மேலும் வந்தால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டுமே நெஞ்சு படபடப்பாக வேஷம் போடும்.

ஜூன் 24

மூச்சுப் பயிற்சி எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் எல்லாரும் தப்பாகச் செய்கிறார்கள். "நல்லா இழுத்து விடுங்க" என்றதும் நெஞ்சு புடைக்கக் காற்றை அள்ளுகிறார்கள். தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். உதடும் விரல்நுனியும் மரமரக்கும், தலை கிறுகிறுக்கும். பயிற்சியால் வந்த அறிகுறியைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறும்.

சரியான வழி சிறியது. முதுகு சாய்த்து உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். வாயை மூடி, மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை சாதாரண மூச்சு. வெளியே விட ஆறு எண்ணுங்கள். ஒரு சுற்று பத்து விநாடி, ஐந்து நிமிடத்தில் முப்பது சுற்று. காலை ஒரு தரம், மாலை ஒரு தரம், மனசு அமைதியாக இருக்கும்போதே இரண்டு வாரம் பழகுங்கள். வெள்ளம் வந்த அன்றைக்கு நீச்சல் கற்றுக்கொள்ள முடியாது.

இன்னொன்று: மூச்சு விட்டும் பதற்றம் போகவில்லையே என்று கோபப்பட வேண்டாம். அதன் வேலை பதற்றத்தை விரட்டுவதில்லை. அது இருக்கும்போதே அடுத்த காரியத்தைச் செய்ய இடம் கொடுப்பதுதான்.

ஜூலை 5

கும்பகோணம் டிகிரி காபியைப் பழி சொன்னால் ஊரில் நடமாட முடியாது. ஆனாலும் கணக்கு கணக்குதான். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்துக்குக் குடித்ததில் பாதி, ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே இருக்கும். அது தரும் படபடப்புக்கும் பரீட்சை பயம் தரும் படபடப்புக்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது.

ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாளே தலைவலி. டிகாஷனை மூன்று நாளைக்கொரு தரம் கால் பங்கு குறைத்து, பாலைக் கூட்டுங்கள். மதியம் ரெண்டு மணிக்கு மேல் வேண்டாம். டபராவும் டம்ளரும் அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 16

2004-இல் இதே நாளில் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். இந்த வட்டாரத்தில் பயிற்சி எடுக்கிறவர்களுக்கு அது பாடப்புத்தகச் சம்பவம் அல்ல. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ரோல் ப்ளே (ஒருவர் ஆலோசகராகவும் ஒருவர் பிள்ளையாகவும் நடித்துப் பழகுவது) எழுதும்போது தீ, சுனாமி, புயல் என்று நிஜத் துயரங்களை எடுக்கக் கூடாது.

நினைவு நாளில் பழைய துயரம் திரும்ப மேலே வருவது இயல்பு. "மனசுவிட்டுச் சொல்லுங்க" என்று கிளறுவது உதவி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்றே சொல்: பார், கேள், இணை. சொல்ல விரும்புகிறவர் சொல்வதைக் கேட்பதும், தேவையானவரிடம் கொண்டு சேர்ப்பதும்தான் வேலை. பதறிப்போன ஆலோசகர்தான் தோண்டுவார். தோண்டினால் ஏதோ செய்துவிட்ட திருப்தி, அவருக்கு மட்டும்.

ஜூலை 27

படிப்பு. நான்கு கலர் பேனாவால் அடிக்கோடு போடுவதும், அதே பக்கத்தை ஐந்தாம் தரம் படிப்பதும் பதற்றத்துக்குத் தாலாட்டு பாடுகிற வேலை. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் சோதித்துப் பார்த்தது இதுதான்: ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முந்துகிறார்கள்; ஒரு வாரம் கழித்துக் கேட்டால், புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்துகிறார்கள். திரும்பப் படிப்பது உடனே சுகம் தரும், அதனால்தான் ஏமாற்றும்.

அட்டையில் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். ஓர் அட்டையில் ஒரே விஷயம். நல்ல ஆலோசனைக்கு உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சொன்ன மூன்று நிபந்தனைகள் என்றால் மூன்று அட்டை. 25 நிமிடம் பார்க்காமல் எழுதிவிட்டு, 5 நிமிடம் எழுந்து நடங்கள். தப்பானதை மறுநாள், பிறகு மூன்றாம், ஏழாம், இருபத்தோராம் நாள் எடுங்கள். முதல் வாரம் ஒன்றுமே தெரியவில்லை போலிருக்கும். அங்கேதான் பெரும்பாலானவர்கள் அட்டையைப் போட்டுவிட்டுக் கலர் பேனாவை எடுக்கிறார்கள்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரைக்குப் போங்கள். சித்ரான்னத்தோடு பாடப்புத்தகத்தையும் மூட்டை கட்டாதீர்கள்.

ஆகஸ்ட் 19

அடுத்த மாதம் ரோல் ப்ளே மதிப்பீடு. பயத்தைப் படிப்படியாகச் சந்திக்க இப்போதே ஏணி கட்ட வேண்டும். பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும் முறை மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே தந்தது. முதல் படி, சொந்தக் குரலை மூன்று நிமிடம் பதிவு செய்து கேட்பது. பலருக்கு 25 இருக்கும். பிறகு தோழியோடு பத்து நிமிட ரோல் ப்ளே, 40. மூன்றாவது ஆள் ஒருவர் உட்கார்ந்து பார்க்க அதையே செய்வது, 55. வீடியோ எடுத்து முழுசாகப் பார்ப்பது, 65. சூப்பர்வைசர் முன்னால் இருபது நிமிடம், 80. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், வரிசையும் மாறலாம். படிக்கும் படிக்கும் இடையே 15, 20-க்கு மேல் போனால் நடுவில் இன்னொரு படி செருகுங்கள். ஒவ்வொரு படியையும் வேறு வேறு நாளில் மூன்று தரமாவது செய்த பிறகுதான் மேலே ஏற வேண்டும்.

ஏணி ஏறியும் பயம் குறையாவிட்டால் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மனப்பாடம் செய்த கேள்விப் பட்டியல், மடியில் நோட்டு, பிடித்துக்கொள்ள தண்ணீர் பாட்டில். இவை பாதுகாப்பு ஊன்றுகோல்கள். "பட்டியல் இருந்ததால்தான் தப்பித்தேன்" என்று மனசு முடிவு கட்டிவிடும். ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் வேண்டாம்.

ரோல் ப்ளேயில் பதற்றம் மூன்று உருவத்தில் வெளியே வரும். மௌனத்தைத் தாங்க முடியாமல் பேசுவது, "ஏன்" என்று அடுக்கடுக்காகக் கேட்பது, அவசர ஆறுதல். மூன்றாவதுதான் நம் ஊரில் அதிகம். உதாரணமாக, ஏழாம் வகுப்புப் பிள்ளை வந்து "வயித்த வலிக்குது மிஸ்" என்கிறது. "ஒண்ணும் ஆகாது பாப்பா, தைரியமா இரு" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஆறுதல் கிடைத்தது மிஸ்ஸுக்கு. முதலில் காலையில் சாப்பிட்டதா என்று கேளுங்கள். பள்ளிக் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிறகு, "எந்தக் கெழமையெல்லாம் வலிக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மனசுக்குள் ஏழு வரை எண்ணுங்கள். ஏழு விநாடி என்பது ரொம்ப நீளம் என்று முதல் நாளே தெரிந்துவிடும். திங்களும் வியாழனும் மட்டும் வலித்தால், அந்த நாட்களின் முதல் பீரியடு எது என்று டைம்டேபிளில் பாருங்கள். ஆனால் வலி தொடர்ந்தால் டாக்டர் பார்த்த பிறகே மனசுக் கணக்கு.

செப்டம்பர் 14

"தப்பா ஏதாவது சொல்லிட்டா?" பயிற்சிக்குப் போகிற எல்லாருக்கும் அடியில் கிடக்கும் பயம் இது. இதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தில்லை. என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் மருந்து.

ரகசியம் பற்றிய வாக்கியத்தை முதல் சந்திப்பின் முதல் இரண்டு நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். "நீ சொல்றது நமக்குள்ளதான் இருக்கும். ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட நான் சொல்லியாகணும். அதையும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யவே கூடாது.

பாலியல் தொல்லை பற்றித் தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்கோ சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. பயிற்சி மாணவர் என்பதற்காக விலக்கு கிடையாது. சூப்பர்வைசரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், ஆனால் சொல்லியதோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். குழந்தையின் வார்த்தையை அப்படியே எழுதுங்கள். விசாரணை செய்யாதீர்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள்.

செத்துப்போகலாம் என்கிற பேச்சு வந்தால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படாது. குழந்தையைத் தனியே விடாமல், பெற்றோரையும் சூப்பர்வைசரையும் வரவழையுங்கள். ஓர் அட்டையில் 1098, 14416 இரண்டையும் எழுதி அடையாள அட்டைக்குப் பின்னால் செருகுங்கள். முன்னது குழந்தைகள் உதவி எண், பின்னது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். ஆலோசகரும் அந்த எண்ணுக்குப் பேசலாம், வெட்கமில்லை.

அக்டோபர் 21

அடைமழை. காலையில் எழுந்ததும் கலெக்டர் லீவு விட்டாரா என்று போனைப் பார்ப்பது. விட்டால் பரீட்சை தள்ளிப்போகுமா என்று பார்ப்பது. கரண்ட் போகிற வரை பார்ப்பது. நிச்சயமின்மைதான் பதற்றத்துக்கு உரம். வானிலை அறிக்கையைக் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் பாருங்கள். அதற்கு மேல் பார்த்தால் மழை நிற்காது. அட்டைகள் காகிதத்தில் இருப்பதன் அருமை இப்போது தெரியும்.

டெல்டாவில் தண்ணீர் குறைந்தால் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைப்பார்கள். கவலைக்கும் அப்படி ஒரு முறை வைக்கலாம். மாலை ஆறு மணிக்கு இருபது நிமிடம், ஒரே நாற்காலியில். பகலில் வரும் கவலையை ஒரு வரி எழுதிவிட்டு "ஆறு மணிக்கு" என்று தள்ளுங்கள். முறை வரும்போது நோட்டைப் பிரித்து இரண்டு பத்தி: நான் செய்யக்கூடியது, என் கையில் இல்லாதது. முதல் பத்தியில் இருப்பதற்கு அடுத்த அடி என்ன, எந்த நாள் என்று எழுதுங்கள். இரண்டாவதை வாசித்துவிட்டு மூடுங்கள்.

படுக்கையில் உட்கார்ந்து செய்தால் படுக்கையே கவலைப்படும் இடமாகிவிடும். மறந்தே போனதே என்று ஆறு மணிக்குக் கவலையைத் தேடிப் பிடிக்கவும் வேண்டாம். எழுதாத நாளில் மடை மூடியிருக்கட்டும்.

நவம்பர் 16

கேஸ் ரெக்கார்டு எழுதும் மாதம். "இது சரியா மேடம்?" என்று சூப்பர்வைசருக்கு ஒரே ராத்திரியில் பதினோரு வாட்ஸ்அப் போகும். ஒவ்வொரு பதிலும் அரை மணி நேரம் நிம்மதி தரும், பிறகு அடுத்த கேள்வி. இதுவும் தவிர்ப்புதான், மரியாதையான உடையில். குழந்தையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் உடனே கேளுங்கள். மற்றதற்கு முதலில் சொந்தப் பதிலை எழுதி, ஒரு நாள் வைத்திருந்து, அப்போதும் சந்தேகம் என்றால் கேளுங்கள். ஒரு ரெக்கார்டுக்கு 45 நிமிடம். பார்த்ததையும் கேட்டதையும் ஒரு பத்தியில், ஊகத்தைத் தனியே.

ஜனவரி 19

பொங்கல் முடிந்து பள்ளிப் பயிற்சி தொடங்குகிறது. இந்தப் பதினைந்து நாளில் ஜிஏடி-7 மதிப்பெண் இரண்டு மூன்று ஏறினால் வியப்பில்லை. பத்தைத் தொடாதவரை, அடுத்த தரமும் ஏறினால் மட்டும் டாக்டர்.

பெரும்பாலான பள்ளிகளில் ஆலோசனைக்கென்று அறை இருக்காது. நூலக மூலையோ, ஆய்வக ஓரமோ கிடைக்கும். இரண்டு நாற்காலி, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்கோணத்தில். நடுவில் மேசை வேண்டாம். குழந்தை வாசலைப் பார்த்து உட்காரட்டும், அதன் வழியை யாரும் மறிக்கக் கூடாது. பேச்சு வெளியே கேட்காத அளவு தூரம், ஆனால் வராந்தாவில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி கதவு பாதி திறந்திருக்க வேண்டும். கடிகாரம் குழந்தையின் தலைக்குப் பின்னால் சுவரில். கையைத் திருப்பி மணி பார்த்தால் பிள்ளைகள் எழுந்துவிடும். போன் பைக்குள். முதல் பிள்ளை இரண்டாம் பீரியடுக்கு வரும், பத்து நிமிடம் முன்னதாகப் போய் ஃபேன் சத்தம் எவ்வளவு என்று பாருங்கள்.