மெர்காப்டோப்யூரின் நாட்கள்

மே 17, 2024, வெள்ளி, பாலக்கோடு

மகளின் ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இப்போது பராமரிப்புக் கட்டத்தில் இருக்கிறது. மெர்காப்டோப்யூரின் மாத்திரையை நாள்தோறும் இரவில் ஒரே நேரத்தில் கொடுக்கிறோம்: வாரத்தில் நான்கு நாள் 50 மில்லிகிராம் மாத்திரை முழுதாக, மூன்று நாள் அரையாக. இன்னொரு புற்றுநோய் மருந்தான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே முறை, வெள்ளிக்கிழமை மட்டும். வார மருந்தைத் தவறுதலாகத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், அது தனி டப்பாவில், அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. எடுத்துக் கொடுப்பதும் நாள்காட்டியில் குறிப்பதும் என் கணவரின் வேலை. வேறு யாரும் தொடுவதில்லை.

முடி வளர்ந்துவிட்டது, முகமும் தெளிந்துவிட்டது, இன்னும் எதற்கு மாத்திரை என்று கேட்காத உறவினர் இல்லை. நுண்ணோக்கியில் தெரியாத அளவுக்குச் சில புற்று அணுக்கள் மிஞ்சியிருக்கலாம், அவற்றை ஒடுக்கவே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இந்த மருந்து தொடர்கிறது என்று சொன்னால் தலையாட்டுகிறார்கள். அடுத்த விசேஷத்தில் மீண்டும் அதையே கேட்கிறார்கள்.

மே 25, சனி

தருமபுரியில் ரத்தம் கொடுத்து, மாலையில் அறிக்கை வாங்கினோம். மொத்த வெள்ளையணுக்கள் 2,100. அதில், கிருமிகளை எதிர்க்கும் வகையான நியூட்ரோஃபில் 20 சதவீதம், அதாவது 420. முன்பும் ஒரு முறை இப்படி இறங்கியிருக்கிறது. 500-க்குக் கீழே போனால் இரண்டு மருந்துகளையும் நிறுத்த வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. பெங்களூரு மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு நிறுத்திவிட்டோம்.

கவுண்ட், அதாவது வெள்ளையணு எண்ணிக்கை, இறங்கியது என்றதும் அத்தை அழுதுவிட்டார். நோய் திரும்பிவிட்டதாக அவர் நினைத்தது இயல்புதான். உண்மையில் இது மருந்தின் வேலை. டி.என்.ஏ. கட்டுவதற்கு அணுவுக்குத் தேவையான ப்யூரினைப் போலவே மெர்காப்டோப்யூரின் வேடமிட்டு உள்ளே நுழைகிறது. சுவரில் வைத்த வேகாத செங்கல்லைப் போல் டி.என்.ஏ.வில் இடம்பிடித்து, அணு மேற்கொண்டு பெருக முடியாமல் செய்கிறது. வேகமாகப் பெருகுவது புற்று அணு மட்டும் அல்ல, எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் நல்ல வெள்ளையணுவும்தான். ஆகவே கவுண்ட் சற்றுத் தாழ்ந்தே இருக்கவேண்டும், மிகவும் தாழ்ந்துவிடவும் கூடாது. (பாடம் நடத்தும் புத்தி எனக்கு வீட்டிலும் போவதில்லை.)

கிருஷ்ணகிரியிலிருந்து சித்தப்பா ஒரு பெட்டி மாம்பழம் அனுப்பியிருக்கிறார். நன்றாகக் கழுவி, தோல் சீவி, வெட்டிய உடனே கொடுக்கிறோம். சந்தையில் வெட்டி வைத்த பழம் கிடையாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், எந்த நேரமானாலும் காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

ஜூன் 2, ஞாயிறு

மாமாவுக்குக் கால் பெருவிரல் வீங்கி, யூரிக் அமிலம் கூடியிருக்கிறது என்று அலோப்யூரினால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெயரைப் படித்ததும் அந்த அட்டையை அவருடைய அறைக்கே மாற்றி வைத்தேன். மெர்காப்டோப்யூரினைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளில் முக்கியமானது சாந்தின் ஆக்சிடேஸ். அலோப்யூரினால் அதையே தடுத்துவிடும். இரண்டையும் ஒருவரே சாப்பிட நேர்ந்தால், மெர்காப்டோப்யூரினை வழக்கமான அளவில் மூன்றில் ஒன்றுக்கோ நான்கில் ஒன்றுக்கோ குறைத்தாக வேண்டும். குறைக்காவிட்டால் மஜ்ஜை படுத்துவிடும்.

இந்த இரண்டு மருந்துகளும் ஒரே ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை என்பதை மாமாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய மெர்காப்டோப்யூரினுக்கு 1953-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது உடலில் சீக்கிரம் சிதைந்துவிடாமல் காக்க முடியுமா என்று தேடியபோதுதான் அவர்கள் அலோப்யூரினாலை எடுத்துச் சோதித்தார்கள். அது யூரிக் அமிலத்தைக் குறைப்பது தெரிந்து, 1966-இல் கீல்வாத மருந்தாக வந்தது. முனைவர் பட்ட ஆய்வை முடிக்காத எலியனுக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. பேத்தியின் மருந்துக்குத் துணையாகத் தேடியதையா நான் விழுங்குகிறேன் என்று மாமா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தொடக்க காலத்தில் மெர்காப்டோப்யூரினைத் தனியாகக் கொடுத்தபோது நோய் சில மாதங்களில் திரும்பிவிடும். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகே குழந்தைகள் பெருமளவில் குணமானார்கள்.

ஜூன் 8, சனி

நியூட்ரோஃபில் 1,102. மாத்திரை மீண்டும் தொடங்கியது. இரண்டாம் முறை இறங்கியதால், இந்த மருந்தை உடல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் என்.யு.டி.டி.15 என்ற மரபணுவைச் சோதிக்க ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

நாத்தனார் ஏழாம் மாதத்தில் தாய்வீடு வந்திருக்கிறார். கர்ப்பிணிகள் இந்த மாத்திரையைக் கையாளக் கூடாது என்பதால், கணவர் கையுறை போட்டு, நடுக்கோட்டில் அழுத்தி உடைத்து, தட்டில் உதிர்ந்த மஞ்சள் தூளை ஈரத்துணியால் துடைத்துத் துணியைத் தனிப்பையில் கட்டினார். நாத்தனார் இதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கொடியதையா குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 22, சனி

மரபணு அறிக்கை வந்தது: இரண்டு பிரதிகளில் ஒன்றில் மாற்றம் இருக்கிறது. இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் இது அரிதல்ல. மாற்றம் உள்ளவர்களின் உடலில் மருந்தின் வீரியமான வடிவம் மிகுதியாகத் தங்கிவிடுவதால், வழக்கமான அளவே அவர்களுக்குக் கூடுதலாகிவிடும். இனி தினமும் அரை மாத்திரை. அளவு குறைந்ததால் சிகிச்சை குறைந்ததாக ஆகாது, அவள் உடலுக்கு இதுவே முழு அளவு என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். அடிக்கடி நிறுத்தித் தொடங்குவதைவிட, விடாமல் கொடுக்கக்கூடிய அளவே மேல் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை; வேளை தவறும் குழந்தைகளிடம் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்த மாற்றம் யார் பக்கத்திலிருந்து வந்தது என்று அத்தை கேட்டார். அதைத் தெரிந்துகொள்வதற்காக நாங்கள் தனியாகப் பரிசோதனை செய்துகொள்ளத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னதையே பதிலாகச் சொன்னேன்.