கருப்பு முட்டி: எலும்பு மருத்துவம் மேற்படிப்பு படிக்கிற ஒரு ஆர்த்தோ பிஜியோட டைரி

ஆகஸ்ட் 5, 2025, செவ்வாய்

ரெண்டாவது கேஸ் வலது முட்டி மாத்துற ஆபரேஷன். ஐம்பது தாண்டுன அம்மா, இடுப்புக்குக் கீழ மரத்துப்போக முதுகுல ஸ்பைனல் ஊசி குடுத்து, ரத்தம் கசியாம இருக்க தொடையில டூர்னிகே பட்டை கட்டி எல்லாம் வழக்கம் போலதான் போச்சு, மூட்டைத் திறந்து முட்டிச்சில்லைத் திருப்புனதும் சீஃப் கை அப்படியே நின்னுடுச்சு. எலும்பு முனையை மூடி வெள்ளையா பளபளன்னு இருக்க வேண்டிய ஜவ்வு, அதாவது குருத்தெலும்பு, புதுசா போட்ட தார் ரோடு கணக்கா கருகருன்னு இருக்கு. அது உரிஞ்ச இடத்துல தெரியுற எலும்பு மட்டும் வெளிறிப்போய் நார்மலா இருக்கு. மூட்டு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸும் கருப்பு, போர்செப்ஸ் இடுக்கி பட்டாலே சில்லு சில்லா ஒடையுது, அந்தச் சில்லுங்க உள்சவ்வுல போய் குத்தி அங்கங்க கரும்புள்ளியா நிக்குது.

மயக்க மருந்து மேடம் எட்டிப் பார்த்துட்டு "மெலனோமாவா சார்?"னாங்க, கருப்பா வர்ற புற்றுநோய் அது. சீஃப் நிமிராமலே "காதைப் பாருங்க மேடம்"னாரு. காது மடல் உள்பக்கம் நீலம் கலந்த சாம்பல் நிறம், கண்ணு வெள்ளையில கருவிழிக்கு ரெண்டு பக்கமும் பழுப்புத் திட்டு. செயற்கை மூட்டு, அதாவது இன்ப்ளான்ட், போட்டு மூடியாச்சு. உலோகத்துலயும் பிளாஸ்டிக்லயும் இந்தக் கருப்பு ஏறாது, அந்த வகையில இவங்களுக்கு சரியான ஆபரேஷன்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

ஜவ்வு நிறம் மாற என்னென்ன காரணம்னு ரவுண்ட்ஸ்ல கேட்டாங்க. வயசானா மஞ்சளடிக்கும், அது எல்லாருக்கும் உள்ளது. ரத்தம் சரியா உறையாத ஹீமோஃபிலியால மூட்டுக்குள்ள திரும்பத் திரும்ப ரத்தம் கசிஞ்சா துரு நிறம். பழைய இன்ப்ளான்ட் தேய்ஞ்சா சுத்தியிருக்கிற சதை கருக்கும், இவங்களுக்கு இதுதான் முதல் ஆபரேஷன். மினோசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக் வருஷக்கணக்கா சாப்பிட்டா கருக்குறது பெரும்பாலும் எலும்புதான், இங்க எலும்பு சுத்தமா இருக்கு, அந்த மாத்திரையும் எடுத்ததில்ல. நூறு வருஷம் முன்னாடி ஆறாத கால் புண்ணுக்கு கார்பாலிக் ஆசிட் வச்சுக் கட்டுனவங்களுக்கும் ஜவ்வு கருத்திருக்கு.

அப்புறம் நேரா கேட்டேன், ஒண்ணுக்கு எப்படிப் போகுதும்மா?

"அது வச்சிருந்தா கருத்துப்போகும் தம்பி, சின்ன வயசுலேந்தே. பாவாடையில கறை நிக்கும். ஒடம்பு சூடுன்னு எங்கம்மா இளநி வாங்கிக் குடுக்கும்."

சாம்பிள் எடுத்து லேப்ல சோடியம் ஹைட்ராக்ஸைடு ரெண்டு சொட்டு விட்டோம், கண்ணு முன்னாடியே காபி டிக்காஷன் நிறத்துக்கு வந்துடுச்சு. அல்காப்டோனூரியா, பரம்பரையா வர்ற வியாதி. உறுதிப்படுத்துற டெஸ்டுக்கு வெளிய அனுப்பியிருக்கு.

ஆகஸ்ட் 9, சனி

நாம சாப்பிடுற பருப்பு, முட்டை, மீனு எல்லாத்துலயும் இருக்கிற ஃபீனைல்அலனின், டைரோசின்ங்கிற புரதத் துண்டுங்க (அமினோ ஆசிட்) ஒடையுற வழியில ஹோமோஜென்டிசிக் ஆசிட்னு ஒண்ணு வரும், அடுத்த படிக்குப் போக ஒரு என்சைம் வேணும், எச்ஜிடி ஜீன் ரெண்டு காப்பியும் பழுதா இருந்தா அது வேலை செய்யாது. தினமும் கிராம் கணக்குல சேருற ஆசிட்டை கிட்னி முடிஞ்ச வரைக்கும் வெளிய தள்ளும். மிச்சம் காத்துல பட்ட மாதிரி ஆக்ஸிடைஸ் ஆகி ஜவ்வுல இருக்கிற கொலாஜன்ங்கிற நார்ப் புரதத்துல போய் ஒட்டி கருப்பாகும். ஆரம்பிக்கிறது மேல்பரப்புல இல்ல, எலும்பை ஒட்டின அடி அடுக்குல. அதனாலதான் சின்ன வயசுல மூட்டுல ஒண்ணும் தெரியாது, முப்பது தாண்டுனா முதுகுல ஆரம்பிக்கும்.

1902-லயே லண்டன்ல ஆர்ச்சிபால்ட் கேரோட்ங்கிற டாக்டர் அல்காப்டோனூரியா பத்தி எழுதிட்டாரு. இந்த வியாதி உள்ள பிள்ளைகளோட அப்பா அம்மா பலபேர் சொந்தத்துல கட்டுனவங்கன்னு கவனிச்சாரு, மெண்டல் சொன்ன ஒடுங்கு பண்பு (அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேந்தும் வந்தாத்தான் வெளிய தெரியுறது) மனுஷன்கிட்ட முதல்ல பிடிபட்டது இதுலதான். ஜீனைக் கண்டுபிடிக்க 1996 ஆச்சு.

இந்தம்மா பழைய எக்ஸ்ரே பையைத் திறந்தா முதுகுல டிஸ்க் எல்லாம் சுண்ணாம்பு படிஞ்சு வெள்ளை வெள்ளையா இருக்கு. பத்து வருஷமா எங்கெங்கயோ காட்டியிருக்காங்க, எல்லாச் சீட்டுலயும் "தேய்மானம்". காதை ஒருத்தரும் பார்க்கல, எரிச்சலா வருது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எதிர்பார்த்ததுதான், அவங்க அம்மாவைக் கட்டுனது அந்த அம்மாவோட சொந்தத் தாய்மாமன். நம்ம ஊர்ல இதைக் கேக்கவே கூச்சப்படுறோம், கேட்டா வீட்டுக்காரங்க சாதாரணமாதான் சொல்றாங்க. கூடப்பிறந்த ஒவ்வொருத்தருக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. தமிழ்நாட்டுல நரிக்குறவர் சமூகத்துல ஒரே எச்ஜிடி பிறழ்வு (ஜீன்ல வர்ற பழுது) பரவலா இருக்குன்னு 2014-ல பேப்பர் வந்திருக்கு, சின்ன சமூகத்துக்குள்ளயே கட்டிக்கிறதால. சுலோவாக்கியாவுலயும் இது அதிகம். ஆனா இங்க கேம்ப் போட்டு ஒண்ணுக்கு டெஸ்ட் பண்ண என்ன பெரிய செலவு?

ஆகஸ்ட் 14, வியாழன்

மருந்து இருக்கு, நிட்டிசினோன். களைக்கொல்லி ஆராய்ச்சியிலேந்து வந்தது, ஆசிட் உருவாகுறதுக்கு ஒரு படி முன்னாடியே வழியை அடைச்சுடும். 138 பேரை வச்சு ஐரோப்பாவுல நாலு வருஷம் நடந்த ஆய்வுல தினம் 10 மில்லிகிராம் குடுத்தவங்களுக்கு ஒண்ணுக்குல போற ஆசிட் 99 சதவீதத்துக்கும் மேல குறைஞ்சது. 2020-ல ஐரோப்பா அனுமதி குடுத்துச்சு, அமெரிக்கா இந்த ஜூன்லதான். டைரோசின் ஏறும், கண்ணு உறுத்தும், புரதத்தைக் குறைக்கணும். போன ஜவ்வு திரும்ப வராது. எங்க பார்மஸியில கேட்டா பேரையே எழுதிக்கிட்டு வரச் சொல்றாங்க.

இன்னைக்கு அவங்க தம்பி வந்தாரு, லாரி ஓட்டுறவரு. நாப்பதுதான் இருக்கும், முதுகு வளைய மாட்டேங்குது. காது மடலைத் திருப்பிப் பார்த்தேன், லேசா நீலம். அவருக்கு ஒண்ணுக்கு டெஸ்ட், முதுகு எக்ஸ்ரே, இதயத்துல இருக்கிற அயோர்டிக் வால்வுலயும் இது படியும்ங்கிறதால அக்காவுக்கும் தம்பிக்கும் எக்கோ ஸ்கேன். திங்கட்கிழமை வெறும் பாட்டிலோட வரச் சொல்லியிருக்கேன், இன்னொரு தங்கச்சி திருப்பூர்ல இருக்காம், அவங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னேன்.