கடல் அடங்கட்டும்: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 11, 2018, திங்கள்

மாத்திரை டப்பா, இரண்டு ஸ்வெட்டர், வழுக்காத பாய், ரப்பர் அடி வைத்த செருப்பு. வேறென்ன எடுத்து வைப்பது என்று யோசித்துக்கொண்டே குளியலறைக் கதவருகில் நின்றுவிட்டேன். நாளை போய்த் தங்கும் வீட்டில் குளியலறையில் கைப்பிடி இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருந்தேன். பதில் வரவில்லை.

அண்ணன் பேசினான். "இன்னும் ரெண்டு மாசம் அங்கயே இருக்கட்டும்மா. இங்க நிலவரம் சரியில்ல." தூத்துக்குடியில் மே 22 துப்பாக்கிச்சூட்டுக்கு அப்புறம் அவன் குரலே மாறிவிட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. அப்பா பக்கத்து அறையில் தூங்காமல்தான் படுத்திருந்தார்.

ஜூன் 12, செவ்வாய்

ஓபானிலிருந்து கிரெய்க்னூருக்குக் கப்பலில் முக்கால் மணி நேரம் சொச்சம். அப்பா ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. மேல்தளத்தில் கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு நின்றார். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. நான் பின்னால் இரண்டடி தள்ளி, கையை நீட்டத் தயாராக நின்றேன்.

லிஸ்மோர் தீவின் முனையில் வெள்ளைக் கலங்கரை விளக்கம். "எத்தன நொடிக்கு ஒருக்க அடிக்கும்?" என்று கேட்டார். தேடிப் பார்த்துச் சொன்னேன், 10 நொடிக்கு ஒரு முறை. தலையாட்டிக்கொண்டார். மார்ச்சில் கிளாஸ்கோ வந்ததிலிருந்து அவராக என்னிடம் கேட்ட கேள்விகள் மிகக் குறைவு. சாப்பாடு ஆச்சா, அண்ணன் பேசினானா, இவ்வளவுதான்.

கிரெய்க்னூரில் இறங்கிய பிறகு மல் தீவின் குறுக்கே ஒற்றைத்தடச் சாலை. எதிரில் வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்க வேண்டும், ஒதுங்கியவருக்கு மற்றவர் கை காட்ட வேண்டும். ஃபின்ஃபோர்ட் வந்து சேர மணி ஆறு. வீட்டில் கைப்பிடி இல்லை. பாயை விரித்தாயிற்று.

ஜூன் 13, புதன்

காலை எட்டு மணிக்கு, எங்களை ஸ்டாஃபா தீவுக்குக் கூட்டிப்போக வேண்டிய படகுக்காரரின் போன். இன்று கிளம்பவில்லை. ராத்திரி புயல் வருகிறது, ஹெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாளையும் கிடையாது. வெள்ளிக்கிழமை பார்க்கலாம்.

"சரி" என்று சொல்லிவிட்டு அழுகை வந்தது. ஒரு படகு போகாததற்கு அழுவதா என்று என் கணவர் கேட்டார். அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெம்பில்லை.

ஜூன் 14, வியாழன்

இரவு முழுக்க ஓட்டுக்கூரை முனகியது. நாலரை மணிக்கெல்லாம் விடிந்துவிடுகிற மாதம் இது. எழுந்து பார்த்தால் அப்பா ஜன்னலோரம். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அயோனா ஜலசந்தி வெள்ளையாகக் கொதித்தது. எதிரே அயோனா தீவின் கரைக்கும் இந்தக் கரைக்கும் பத்து நிமிடப் பயணம்தான், ஆனால் இன்று எந்தப் படகும் அசையவில்லை.

டீ போட்டுக் கொடுத்தேன். ஜன்னலை விட்டு வரவில்லை. அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார். கொழும்புக்கு வெங்காயமும் மிளகாயும் ஏற்றிப்போன தோணி. எஞ்சின் இல்லாத காலம், பாயை நம்பித்தான் எல்லாம். தோணியை நடத்தும் தண்டல் எதற்கும் சத்தம் போட மாட்டாராம், மூக்கை லேசாகத் தூக்கி மோந்து பார்ப்பாராம், பையன்கள் பாயை இறக்கப் போய்விடுவார்களாம். பின்னாளில் அப்பாவே தண்டல் ஆனார். அதைப் பற்றி இன்று ஒரு வார்த்தையும் இல்லை, அந்தப் பழைய தண்டலைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

தனுஷ்கோடியை அழித்த 64 புயலுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். எப்போதும் அங்கேதான் நிறுத்துவார். டிசம்பர் 22 ராத்திரி எங்கே இருந்தார், கூட யார் இருந்தார்கள், நாங்கள் யாரும் கேட்டதில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு இப்போது ஒரே எண்ணம்தான். இவரை நாலாவது மாடிச் சோபாவிலிருந்து எழுப்பிக் கடலில் கொண்டுபோய் விட வேண்டும். ஸ்டாஃபாவைக் காட்ட வேண்டும். ஃபிங்கல் குகையின் வாயில் நின்று அவர் அண்ணாந்து பார்க்க வேண்டும். 20 மீட்டருக்கு மேல் உயரம், அத்தனையும் வரிசை வரிசையாகக் கல்தூண்கள். 6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடிய எரிமலைக் குழம்பு மெல்ல ஆறிச் சுருங்கும்போது வெடித்து, வெடிப்பு கீழே கீழே இறங்கி, பெரும்பாலும் ஆறு பட்டைத் தூண்களாக நின்றுவிட்டது. உளி பட்ட இடம் ஒன்றுகூட இல்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "ம்" என்றார்.

ஜூன் 15, வெள்ளி

காற்று நின்றுவிட்டது. படகு இல்லை.

காற்றே இல்லாதபோது என்ன தடை என்று எனக்குக் கோபம். வானிலைப் பக்கத்தைத் திறந்து அப்பாவிடம் காட்டினேன், அலை உயரம் குறைந்துவிட்டதே என்று. "ஒசரத்தப் பாக்காத. ரெண்டு அலைக்கு நடுவுல எம்புட்டு நேரம்னு பாரு" என்றார். 11 நொடி என்று போட்டிருந்தது. அப்படியென்றால் அது இங்கே எழுந்த அலை இல்லை, எங்கேயோ தூரத்தில் அடித்த காற்று தள்ளிவிட்டது. நடுக்கடலில் பார்த்தால் தெரியாது. கல்லில் வந்து மோதும்போதுதான் ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கும். இறங்குதுறையில் படகைக் கட்ட முடியாது, படியில் கால் வைக்கிற நேரம் பார்த்துப் படகு கீழே போய்விடும்.

பிறகு வரைபடத்தைக் கேட்டார். இறங்குதுறை தீவின் கிழக்கே, குகை வாய் தெற்கே. கொஞ்ச நேரம் விரலை வைத்துப் பார்த்தார். "கச்சான்னா தீவு மறச்சுக்கும். எறங்கலாம். சோழகம் தள்ளுனா குகைக்குள்ள நேரா ஏறும், கிட்டப் போகக் கூடாது." கச்சான் மேற்குக் காற்று, சோழகம் தென்காற்று. இந்த வரைபடத்தில் அத்தனை வருடமாக நான் பார்க்காததை அவர் ஒரு நிமிடத்தில் பார்த்தார்.

சாயங்காலம் போர்ச்சுகல், ஸ்பெயின் ஆட்டம். 3-3. அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார்! பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஜூன் 16, சனி

கிளாஸ்கோவிலிருந்து கார்னெட்ஹில் தோழி விடிகாலையில் அழைத்தாள். ராத்திரி அங்கே கலைப்பள்ளியில் தீ, அவர்கள் தெருவையே காலி செய்ய வைத்துவிட்டார்களாம். 2014-இல் எரிந்து, பாடுபட்டுப் பழையபடி கட்டிக்கொண்டிருந்த மெக்கின்டாஷ் கட்டடம். முடியப்போகிற நேரத்தில் மறுபடி முழுசாக எரிந்துவிட்டது. நாள் பூராவும் வேறெதிலும் மனம் ஒட்டவில்லை.

படகு இல்லை.

ஜூன் 17, ஞாயிறு

அயோனா. அங்குள்ள அபே என்ற பழைய மடாலயத்தில் எல்லாச் சபையாரும் சேர்ந்து நடத்தும் ஆராதனை. நம் பூசை மாதிரி இல்லையே என்று அப்பா முகம் சுளிப்பாரோ என்று பயந்தேன். கடைசி பெஞ்சில் கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். எழும்போது முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை நடுங்கியதா, எனக்கு அப்படித் தோன்றியதா?

கொலும்பா அயர்லாந்திலிருந்து 563-இல் பன்னிரண்டு பேரோடு இங்கே வந்தார் என்று சொன்னேன். அப்பாவுக்குத் துறவியை விடப் படகில்தான் ஆர்வம். மரச்சட்டத்தின் மேல் மாட்டுத்தோல் போர்த்திய படகு என்று சொல்வார்கள் என்றதும் நடப்பதை நிறுத்திவிட்டார். தோலை எதால் தைத்திருப்பார்கள், தையலுக்கு மேல் என்ன பூசியிருப்பார்கள், உப்புத் தண்ணீரில் எத்தனை நாள் தாங்கும்? தெரிந்ததைச் சொன்னேன், கொழுப்பு தடவுவார்கள் என்று. "அப்ப வெயில்ல நாறும்" என்றார், மிகுந்த அக்கறையோடு.

என் கணவர் மதியக் கப்பலில் கிளாஸ்கோ திரும்பினார், நாளை வேலை. "நீயும் வந்துரலாமே" என்றார். அறையைச் சனி வரை நீட்டியாயிற்று.

ஜூன் 18, திங்கள்

தூறல். அப்பா ஊர் திரும்பும் டிக்கெட்டை மாற்றினால் எவ்வளவு அபராதம் என்று பார்த்தேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 19, செவ்வாய்

குளியலறையில் ஏதோ விழுந்த சத்தம். ஓடினேன். சோப்பு டப்பா.

அரை மணி நேரம் கை நடுக்கம் நிற்கவில்லை.

ஜூன் 20, புதன்

இல்லை.

இசையமைப்பாளர் மெண்டல்சன் 1829 ஆகஸ்டில் இந்தக் குகைக்கு வந்தபோது அவருக்கு வயது 20. கடல் ஒத்துக்கொள்ளாமல் படகில் வதைபட்டார். ஆனால் இந்தக் குகையின் பெயராலும் அழைக்கப்படும் தன் 'ஹெப்ரிடீஸ்' இசையின் முதல் வரிகளை அதற்கு முந்தைய நாளே எழுதி வைத்துவிட்டார், குகையைப் பார்க்கும் முன்பே. தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 7-ஆம் தேதி கடிதம், 8-ஆம் தேதி ஸ்டாஃபா. அப்படியானால் வழியில் பார்த்த கடலே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. எனக்கு ஏன் போதவில்லை?

ஜூன் 21, வியாழன்

அப்பா காலையில் வாசலுக்குப் போய்விட்டு வந்து, "நாளைக்குப் போகும்" என்றார். ஒரு மணி நேரம் கழித்துப் படகுக்காரர் அழைத்து அதையே சொன்னார்.

ஜூன் 22, வெள்ளி

போனோம்.

எழுதி முடிக்க முடியுமா தெரியவில்லை, இருந்தாலும் இப்போதே எழுதி வைக்கிறேன்.

பத்தே கால் படகு. உள்ளே இடம் இருக்கிறது, பெரியவரை அங்கே உட்கார வையுங்கள் என்றார்கள். அப்பா கேட்காத மாதிரி முன்னால் போய் சுக்கான் அறைக்குப் பக்கத்தில் நின்றார். நான் மன்னிப்புக் கேட்கிற குரலில் படகுக்காரரிடம், அப்பா முப்பது வருடம் பாய்க்கப்பல் ஓட்டியவர் என்றேன். அவர் அப்பாவின் கால்களைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். அப்பாவிடம் இருப்பது துறைமுக ஆங்கிலம். அவருடையதோ எனக்கே பாதி புரியாத ஆங்கிலம். வழி முழுக்க இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

முக்கால் மணி நேரத்தில் ஸ்டாஃபா. தூரத்தில் தட்டையான, புல் மூடிய ஒரு சாதாரணத் தீவு. நெருங்க நெருங்கப் பக்கவாட்டில் தூண்கள் பிரிந்து தெரிகின்றன. அடியில் இறுகிய எரிமலைச் சாம்பல், அதன் மேல் நெடுந்தூண்கள், உச்சியில் உருவமில்லாத கரடுமுரடான பாறை. பனங்காட்டையே கொண்டுவந்து இடைவெளி விடாமல் நெருக்கி நட்ட மாதிரி இருந்தது. படகு குகை வாய்க்கு நேரே நின்றது. எஞ்சினை மெதுவாக்கினார். யாரும் பேசவில்லை. நான் தூண்களைப் பார்க்கவே இல்லை, அப்பா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குகை வாயில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்குதுறையில் எல்லோரும் வரிசையாக இறங்கினார்கள். அப்பாவுக்குக் கை நீட்டினேன். "நீ போயிட்டு வாம்மா. நா இங்ஙனயே இருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. படிக்குக் கைப்பிடி இருக்கிறது என்றேன். பாதை முழுக்கக் கம்பி போட்டிருக்கிறார்கள் என்றேன். எத்தனை நாள் காத்திருந்தோம் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது, பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். ஆட்களை இறக்கிவிட்டுப் படகு துறையிலிருந்து விலகிக் கடலில் நின்றுகொண்டிருக்கும், ஒரு மணி நேரம் கழித்து வரும். அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கு வேண்டுமாம். படகுக்காரர் என்னைப் பார்த்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சைகை காட்டினார்.

தனியாக நடந்தேன். பாதையே உடைந்த தூண்களின் தலைகள்தான், ஆறு மூலை, ஐந்து மூலை, சிலது ஏழு. நனைந்த இடங்களில் கரும்பச்சை. கம்பியை இறுகப் பிடித்திருந்தேன். கோபத்தில் பாதி வழி ஒன்றையும் பார்க்கவில்லை. 1772-இல் ஜோசப் பேங்க்ஸ் ஐஸ்லாந்து போகிற வழியில் இங்கே இறங்கி எழுதிய பிறகுதான் வெளியுலகம் கூட்டம் கூட்டமாக வந்தது. 1847-இல் விக்டோரியா ராணியைப் படகிலேயே உள்ளே கொண்டுபோனார்கள். அத்தனை பேரும் வந்து நின்ற இடத்தில் நான் நின்று, அப்பா ஏன் வரவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே சத்தம் வேறு. அலை நுழையும்போது ஒன்றும் கேட்பதில்லை. போய் முட்டித் திரும்பும்போது அடியிலிருந்து ஒரு கனத்த ஒலி கிளம்பி, கூரையில் ஏறி, நெஞ்சுக்குள் வந்து நிற்கிறது. அடுத்தது வருவதற்குள் முந்தையது முடிவதில்லை. கூரையில் முறிந்த தூண்களின் அடிப்பாகங்கள், இடுக்குகளில் மஞ்சள். கடைசி வரை போகப் பாதை இல்லை. திரும்பி வெளியே பார்த்தால் குகை வாய்க்குள் அடங்கிய வெளிச்சம், தொலைவில் அயோனா. கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை. நேரம் பார்த்தபோது பதறிவிட்டேன்.

மேலே ஏறிப் பஃபின் பறவைகளை இரண்டு நிமிடம் பார்த்தேன். ஆட்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் பயப்படுவதில்லை, இன்னும் கிட்டத்தில் வந்து இறங்குகின்றன. ஆட்கள் இருந்தால் அவற்றைத் துரத்தும் பெரிய பறவைகள் வராதாம். கீழே கடலில் நம் படகு. சுக்கானில் அப்பா நின்றார். படகுக்காரர் பக்கத்தில் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "64 பத்தி" என்றார்.

ஜூன் 23, சனி

கிளாஸ்கோ. ஒற்றைத்தடச் சாலையில் எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் அப்பா கை காட்டினார்.

யாரோ ஒரு மனிதரிடம், மொழி சரியாகத் தெரியாதவரிடம், அதைச் சொல்லியிருக்கிறார். நான் கேட்டால் சொல்வாரா? கேட்கலாமா? வழி முழுக்கக் கேட்காமலே வந்தேன்.

ஜூன் 24, ஞாயிறு

சோபாவில் இருந்தார். டிவி போடவில்லை.

ஜூன் 26, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது, கிளாஸ்கோவிலா என்று நம்ப முடியவில்லை. ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தாயிற்று.

அண்ணனிடம் அப்பாவே போனை வாங்கிப் பேசினார். "மாதா கோயில் கொடியேத்தத்துக்கு நா அங்க நிக்கணும். டிக்கெட்ட யாரும் தொடாதீங்க." ஜூலை 26 கொடியேற்றம். அண்ணன் கத்தினது இந்தப் பக்கம் வரை கேட்டது. அப்பா குரலை உயர்த்தவே இல்லை. போனை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போனார், சுவரைப் பிடிக்காமல்.

"நீயாவது சொல்லு" என்றான் அண்ணன். டாக்டர் பார்க்கட்டும் என்றேன். மூன்றாம் தேதி செவ்வாய் காலை 9.40-க்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தலைசுற்றல் எப்போதெல்லாம் வருகிறது என்று எழுதிக் கொண்டுவர வேண்டுமாம். தீவில் இருந்த நாட்களுக்கு நேரே என்ன எழுதுவது?