போ என்றால் ஆமாம்

அல்பேனியாவின் தலைநகர் டிரானாவில் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அம்மா திரும்பி நின்று, மேலே இருந்த பெயரை எழுத்துக்கூட்டினார். "மதர் தெரசான்னுல்ல போட்டிருக்கு? அவங்க கல்கத்தா ஆச்சே."

அவர் பிறந்தது 1910இல், இப்போது வட மாசிடோனியாவில் இருக்கும் ஸ்கோப்யேவில், அல்பேனியக் குடும்பத்தில் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருடைய தாயும் அக்காவும் பிற்காலத்தில் இதே டிரானாவில்தான் இருந்தார்கள், கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜாவின் ஆட்சி நாட்டையே பூட்டி வைத்திருந்ததால் மகளை உள்ளே விடவில்லை, இவர்களை வெளியே விடவில்லை, தாய் 1972இல் இறந்துபோனார், மகள் வந்து கல்லறையைப் பார்த்தது 1989இல்தான் என்று முழுக் கதையையும் சொல்லிவிட்டேன்.

"பெத்தவ சாவுக்கே விடலையா?"

அப்புறம் வண்டி ஏறும்வரை அம்மா பேசவில்லை.

அம்மாவுக்கு 64 வயது. ஊர் போடி. வாசலில் நின்றால் மலை தெரியாத ஊரெல்லாம் அவருக்கு ஊரே இல்லை. மூன்று மாதம் என்னோடு இருக்கலாம் என்று மியூனிக் வந்தவரை சுவிட்சர்லாந்து கூட்டிப்போனேன். "நல்லாத்தான் இருக்கு, தொடச்சு வச்ச மாதிரி" என்றார். அது பாராட்டு இல்லை. செப்டம்பர் கடைசி வாரம் எனக்கு விடுமுறை. பலமுறை போய்வரக்கூடிய ஷெங்கன் விசா, அதுவும் ஒரு தடவை பயன்படுத்தியது, கையில் இருந்தால் அல்பேனியாவுக்குத் தனி விசா வேண்டாம். கிளம்பிவிட்டோம்.

1991 வரை சொந்தக் கார் வைத்திருக்க மக்களுக்கு அனுமதி இல்லாத நாடு. இப்போது திரும்பிய பக்கமெல்லாம் மெர்சிடிஸ், அதிலும் பாதி என் வயதுக் கார்கள். வடக்கே ஷ்கோதருக்குப் போன ஃபுர்கோனும் மெர்சிடிஸ்தான். ஃபுர்கோன் என்பது நம் ஊர் ஷேர் ஆட்டோவின் அண்ணன்: ஆள் நிறைந்தால் கிளம்பும், கை காட்டினால் நிற்கும். வழியில் வயல் நடுவே சாம்பல் நிறக் கான்கிரீட் குமிழ்கள். "என்னடா இது, இட்லியக் கவுத்து வச்ச மாதிரி?" பதுங்குகுழிகள். 1948இல் யூகோஸ்லாவியாவோடு முறித்து, 1961இல் சோவியத்தோடு முறித்து, 1978இல் சீனாவோடும் முறித்துக்கொண்ட ஹோஜா, யாராவது படையெடுத்து வருவார்கள் என்று இவற்றை நாடெங்கும் கட்டினார். 1,70,000க்கும் மேல் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. யாரும் வரவில்லை. ஒன்றன் வாசலில் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. "கோழி அடைக்கவாச்சும் ஆச்சே" என்று அம்மா அந்த ஒன்றை மட்டும் மன்னித்தார்.

ஷ்கோதரில் ரோசாஃபா கோட்டை ஏறினோம். பகலில் கட்டிய சுவர் இரவில் இடிந்துகொண்டே இருக்க, கட்டிய மூன்று சகோதரர்களில் இளையவனின் மனைவியை உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டினார்களாம். கைக்குழந்தைக்காரி. ஒரு மார்பும் ஒரு கையும் ஒரு காலும் வெளியே இருக்கட்டும், பிள்ளைக்குப் பால் கொடுக்க, அணைக்க, தொட்டிலை ஆட்ட என்று கேட்டுக்கொண்டாளாம். வாசலருகே சுண்ணாம்பு கரைந்து வெள்ளையாக நீர் கசியும் இடத்தை அவள் பால் என்கிறார்கள். அம்மாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கரை நிற்காத கண்மாய்க்குப் பலியான பெண்ணின் கதை எங்கள் பக்கமும் உண்டு. "எந்த ஊருல கொத்தனாரு பொண்டாட்டி தப்பிச்சா" என்று கீழே இறங்க ஆரம்பித்தார்.

மறுநாள் விடியுமுன் வண்டி ஏறி, பள்ளமும் மேடுமான சாலையில் இரண்டு மணி நேரம், ஒரு இருட்டுச் சுரங்கம், அது முடிந்த இடத்தில் கொமான் படகுத்துறை. டிரின் ஆற்றை வரிசையாக அணைகள் போட்டு மறித்திருக்கிறார்கள். அல்பேனியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரிலிருந்துதான் வருகிறது. கொமான் அணைக்குப் பின்னால் மலை இடுக்குகளுக்குள் தண்ணீர் நிரம்பி, ஏரி என்று பெயர் வைத்த ஒரு நீண்ட பச்சைச் சந்து. துறையருகே பிளாஸ்டிக் பாட்டில்கள் மிதக்கின்றன. படங்களில் அவை இருப்பதில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகும் பயணத்தில் எனக்கு மறக்காதது ஒன்றுதான். படகு பாறை ஓரமாக ஒதுங்கியது. ஒரு பெரியவர் மாவு மூட்டையோடு இறங்கினார். அங்கே வீடும் இல்லை, பாதையும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் பாட்டுக்கு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாறைக்குள் ஏறிப் போய்விட்டார். அம்மா அவர் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வல்போனா என்ற மலைக்கிராமத்தில் நாங்கள் தங்கியது ஒரு குடும்பம் நடத்தும் விடுதியில். வாசலில் அம்மா வயதை ஒத்த ஒரு அக்கா, தலையில் வெள்ளைத் துணி. நான் ஆங்கிலத்தில் "அறை இருக்கிறதுதானே?" என்று கேட்க, அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே "போ, போ, போ" என்றார்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துப் போ என்பதா? கிளம்புகிறவரிடமே போ என்று சொல்லக்கூடாது, போய்ட்டு வா என்றுதான் சொல்லவேண்டும் என்று என்னை வளர்த்தவர். "வேற எடம் பாப்போம்டா" என்று பையை எடுத்துவிட்டார்.

அந்த அக்காவின் மகன் வந்து காப்பாற்றினார். ஸ்டுட்கார்ட் பக்கம் கட்டட வேலை, கோடையில் மட்டும் ஊருக்கு வந்து விடுதியைப் பார்த்துக்கொள்வார். அதனால் நல்ல ஜெர்மன். 'போ' என்றால் ஆமாம். 'யோ' என்றால் இல்லை. ஆமாம் என்பதற்குத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார்கள். இல்லை என்பதற்கு மேலே ஒரு வெட்டு வெட்டி நாக்கால் "த்ஸு" என்பார்கள். "வெளிநாட்டுக்காரர்களுக்காக நாங்களெல்லாம் மாற்றிக்கொண்டோம். அம்மா மாட்டேன் என்கிறார்."

இதைத் தெரிந்துகொண்டும் அன்று ராத்திரி பயன்படவில்லை. புரட்டாசி என்பதால் அம்மா கறி தொடமாட்டார். நான் விரத மாதம் என்று மகனிடம் சொல்ல, அவர் தன் தாயிடம் சொல்ல, திரும்பி வந்த கேள்வி: "அப்படியானால் சூரியன் மறைந்த பிறகு இறைச்சி சாப்பிடுவாரா?" வல்போனா பக்கம் பெரும்பாலும் முஸ்லிம்கள், அவர்களுக்குத் தெரிந்த விரதம் அதுதானே. விளக்கிச் சொன்னதும் கறித்தட்டு போய் மொச்சை மாதிரி வெள்ளைப் பயறு போட்ட சூப், மக்காச்சோள ரொட்டி, கீரை வைத்த பியுரெக், வெள்ளைப் பாலாடைக்கட்டி, ஊறவைத்த குடமிளகாய் எல்லாம் வந்தன. அம்மா போதும் என்று தலையை ஆட்டினார். அந்த அக்கா மகிழ்ந்துபோய் இன்னொரு கரண்டி ஊற்றினார். அம்மா இன்னும் வேகமாக ஆட்டினார். இன்னும் வேகமாக ஊற்றினார். மூன்றாவது கிண்ணத்தில் அம்மா பொறுமை இழந்து, ஊரில் பேரப்பிள்ளைகளிடம் செய்வதுபோல, முகத்தைத் தூக்கி "த்ஸு" என்றார்.

கரண்டி நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து எங்கள் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. சமையலறையிலிருந்து "யோ! யோ!" என்ற சத்தம் வந்தபோது மட்டும் அம்மா என்னிடம் சொன்னார்: "இங்கயும் புருசன யோவ்னுதான் கூப்பிடுறாங்க."

மறுநாள் நான் மட்டும் கணவாய்க்கு ஏறினேன். வல்போனாவிலிருந்து தெத் கிராமத்துக்குப் போகும் பழைய வழி, உச்சி சுமார் 1,800 மீட்டர். முதலில் ஆற்றுப்படுகை, தண்ணீர் இல்லை, கண் கூசும் வெள்ளைக் கல்தான். அப்புறம் காடு. மியூனிக்கில் பூஹே என்று நான் பழகிய மரங்கள். கீழே பச்சை, நடுவில் மஞ்சள் தொட்டிருந்தது, மேலே சில கிளைகள் மட்டும் செம்பு. ஒரே சரிவில் மூன்று வாரங்களைப் பார்க்கலாம். உச்சியில் காற்று நிற்கவிடவில்லை. அந்தப் பக்கம் தெத் பள்ளத்தாக்கு. அங்கே, பழிவாங்க வருகிறவர்களுக்குப் பயந்து ஆண்கள் அடைந்துகிடந்த கல்கோபுரம் ஒன்று இன்னும் இருக்கிறது.

இந்த மலைகளின் பழைய சட்டத்துக்குக் கானூன் என்று பெயர், இந்திப் படக் கோர்ட்டில் நாம் கேட்கும் அதே கானூன்தான். அல்பேனியனின் வீடு கடவுளுக்கும் விருந்தாளிக்கும் சொந்தம் என்பது அதன் வாசகம். இங்கே வந்துபோகிறவர்கள் எல்லாரும் இதைச் சொல்லி உருகுகிறார்கள். ரத்தத்துக்கு ரத்தம் என்று தலைமுறை கடந்து பழிதீர்க்கச் சொன்னதும் அதே கானூன்தான் என்பதை யாரும் படத்துக்குக் கீழே எழுதுவதில்லை. நாங்கள் ஆளுக்கு 40 யூரோ கொடுத்துத்தான் தங்கினோம், சாப்பாடு சேர்த்து. அதில் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை.

நான் திரும்பியபோது சாயங்காலம் நாலு மணி. முற்றத்தில் நீலப் பீப்பாய், அதைச் சுற்றி முட்டைக்கோஸ், பச்சைத் தக்காளி, காரட், குடமிளகாய். குளிர்காலத்துக்கான துர்ஷி, உப்புநீர் ஊறுகாய். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அந்த அக்கா அல்பேனிய மொழியில் ஏதோ நீளமாகச் சொல்ல, அம்மா "அப்படித்தான் பண்ணுவாங்க, கட்டிக்கிட்டு வர்ற வரைக்கும்தான்" என்று தமிழில் பதில் சொன்னார். யாரைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

அந்த அக்காவின் கணவர், வீட்டுப் பெரியவர், எனக்கு ஒரு சிறு கிளாஸில் பிளம் ரக்கி, அதாவது பழச் சாராயம், கொடுத்தார். மருந்து, முட்டிக்கு நல்லது என்று மகன் கண்ணடித்தார். அம்மா அதை வாங்கி இரண்டு முட்டியிலும் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டார். பெரியவர் வாய்விட்டுச் சிரித்து இன்னொன்று ஊற்றினார். அது எனக்கு.

மகன் அக்டோபர் நடுவில் ஸ்டுட்கார்ட் திரும்புகிறார். இன்னொரு தம்பி இங்கிலாந்தில். பனி விழுந்தால் இங்கே பெரியவரும் அக்காவும் மட்டும்தான். 2011 கணக்கெடுப்பில் 28 லட்சமாக இருந்த நாடு, 2023இல் 24 லட்சம். பீப்பாய்க்குப் பக்கத்தில் தனியாக ஆறு கண்ணாடி பாட்டில்கள், மூடியைப் பாலிதீன் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. "இது பையன் கொண்டுபோறது. நாந்தான் கட்டிக் கொடுத்தேன், அந்தக்காக்கு ஒழுகாமக் கட்டத் தெரியல" என்றார் அம்மா. என் அலமாரியில் இருக்கும் நார்த்தங்காய் பாட்டிலின் அதே கட்டு.

மூன்றாம் நாள் காலை வேன் வந்தது. அந்த அக்கா காய்ந்த மலைத்தேயிலைக் கொத்து ஒன்றைக் காகிதத்தில் சுற்றி அம்மா பையில் திணித்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்ட்டு வரேங்க்கா" என்றார்.

அவருக்குப் புரிந்தது முதல் எழுத்து மட்டும்தான். தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு, "போ" என்றார். "போ, போ."