ஏட்டில் இருக்கும், நினைவில் இல்லாத ஆட்டக்காரர்கள்: எண்பதுகளின் கூடைப்பந்தைக் குறிப்பெடுத்துப் பார்த்த அனுபவம்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில் 1980களில் மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் யார் என்று கேட்டால், பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்ப்பவர்கள்கூட லாரி பேர்ட் என்றோ, மேஜிக் ஜான்சன் என்றோ, மைக்கேல் ஜோர்டன் என்றோதான் முதலில் சொல்வார்கள். உண்மையில் அவர் டென்வர் நகெட்ஸ் அணியின் அலெக்ஸ் இங்கிலிஷ். புள்ளிவிவரம் எல்லோருக்கும் எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. ஆளைத்தான் யாரும் நினைப்பதில்லை. இப்படிப்பட்ட சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆடிய ஆட்டங்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்து, கையால் குறிப்பெடுக்கும் வேலையைச் சில காலமாகச் செய்து வருகிறேன். இதுவரை தெரிய வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முறை எளிமையானதுதான், பொறுமைதான் அதிகம் வேண்டியிருக்கிறது. பந்து போகும் திசையைப் பார்க்காமல், தேர்ந்தெடுத்த ஒருவரையே கண்ணால் தொடர வேண்டும். அவர் அணியின் கைக்குப் பந்து வரும்போதெல்லாம் நோட்டில் ஒரு வரி: எங்கே நின்றார், பந்து எங்கே வந்து சேர்ந்தது, வாங்கியவுடன் என்ன செய்தார். எதிரணியிடம் பந்து போனால் மறுபக்கத்தில் இன்னொரு வரி. தொகுத்து வெட்டிய சிறப்புக் காட்சிகள் இதற்கு உதவாது, ஏனென்றால் அவற்றில் பந்து ரிங்குக்குள் விழுவது மட்டுமே இருக்கும். விழுவதற்கு முந்தைய பத்து நொடிகள் இருக்காது.

முழு ஆட்டங்கள் கிடைப்பதுதான் பெரும்பாடு. இன்று கைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, அந்தக் காலத்தில் யாரோ ஒரு ரசிகர் வீட்டு வி.எச்.எஸ். நாடாவில் உள்ளூர் ஒளிபரப்பிலிருந்து பதிவு செய்து, பிறகு படிக்குமேல் படியாக எடுக்கப்பட்டவை. நிறம் கசிந்து, சட்டை எண்ணே தெரியாது. நடையை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். தேசிய அளவில் ஒளிபரப்பிய சி.பி.எஸ். நிறுவனத்துக்கு அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் இந்த விளையாட்டின் மேல் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. 1980 மே 16 அன்று பிலடெல்பியாவில் நடந்த இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், முதல் ஆண்டு ஆட்டக்காரரான மேஜிக் ஜான்சன் 42 புள்ளிகள் எடுத்துக் கோப்பையை வென்று கொடுத்ததையே, நாட்டின் பல ஊர்களில் பின்னிரவில் பதிவாகத்தான் காட்டினார்கள். இறுதி ஆட்டத்தின் கதியே இதுவென்றால், வார நடுவில் டென்வரில் நடந்த ஓர் ஆட்டத்தை யார் காட்டியிருப்பார்கள்? பாஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், பிலடெல்பியா என்ற மூன்று ஊர்களுக்கு வெளியே ஆடியவர்கள் மங்கிப்போனதற்கு ஆட்டத்திறனைவிட இதுவே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இங்கிலிஷிலிருந்துதான் தொடங்கினேன். 1976இல் புதிய ஆட்டக்காரர்களுக்கான தேர்வின் இரண்டாம் சுற்றில் மில்வாக்கி அணி எடுத்த அவர், இந்தியானாவுக்குப் போய், 1980 பிப்ரவரியில் ஜார்ஜ் மெக்கின்னிஸுக்கு மாற்றாக டென்வருக்கு வந்து சேர்ந்தார். 1981–82 முதல் தொடர்ந்து எட்டுப் பருவங்களில் 2,000 புள்ளிகளுக்குக் குறையாமல் எடுத்தார். 1982–83இல் ஆட்டத்துக்குச் சராசரி 28.4 புள்ளிகளோடு தொடரின் முதலிடம் அவருக்கு. இவ்வளவு எடுத்தவர் பந்தை நெடுநேரம் கையில் வைத்திருப்பார் என்று எதிர்பார்த்துத்தான் நோட்டைத் திறந்தேன். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் நான் எழுதியது ‘வாங்கினார், எறிந்தார்’ என்பதுதான். பயிற்சியாளர் டக் மோ, முன்கூட்டி வகுத்த நகர்வுகளை விரும்பாதவர். பந்தை யாரும் பிடித்து வைத்துக்கொள்ளாமல் கைமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், எல்லோரும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஏற்பாடு. அந்த ஓட்டத்துக்குள் இங்கிலிஷ் அவசரமில்லாமல் நழுவிக்கொண்டிருப்பார். 6 அடி 7 அங்குல உயரம், மெலிந்த உடல். ரிங்குக்குச் சில அடிகள் முன்னால் பந்து கைக்கு வந்ததும், உயரத்தில் தொங்கும் விளக்கை ஏற்றுகிறவரைப் போல ஒற்றைக் கையைத் தலைக்கு மேலே நீட்டி, பந்தை மெல்ல விடுவார். குதிப்பதுகூட அதிகமில்லை. எதிரில் நிற்பவர் கையைத் தூக்குவதற்குள் காரியம் முடிந்திருக்கும். ரிங்கைப் பிடித்துத் தொங்கும் ஆர்ப்பாட்டமான ‘டங்க்’ அவரிடம் அபூர்வம், அதனால் வெட்டித் தொகுத்த காட்சிகளிலும் அவருக்கு இடம் குறைவு.

அந்த அணியின் ஓட்டத்தைப் புரிந்துகொள்ள 1983 டிசம்பர் 13 அன்று டென்வரில் நடந்த ஆட்டத்தின் எண்களைப் பார்த்தாலே போதும். மூன்று கூடுதல் நேரங்கள் வரை போன அந்த ஆட்டத்தில் டெட்ராய்ட் 186–184 என்ற கணக்கில் வென்றது. டென்வரின் கிகி வாண்டவே 51, இங்கிலிஷ் 47. டெட்ராய்டின் ஐசையா தாமஸ் 47, ஜான் லாங் 41. இரண்டு அணிகளும் சேர்ந்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தது நான்கே முறை. இன்றைய ஆட்டம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பக் கடினமான செய்தி.

அடுத்து எடுத்தவர் யூட்டா ஜாஸ் அணியின் மார்க் ஈட்டன். அவரைப் பார்க்கத் தொடங்கியபோது நோட்டின் அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. 7 அடி 4 அங்குல உயரம் கொண்ட அவர், கலிபோர்னியாவில் கார் மெக்கானிக்காக வேலை செய்துகொண்டிருந்தவர். அங்கே சைப்ரஸ் கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டு துணைப் பயிற்சியாளராகவும் இருந்த டாம் லூபின் கண்ணில் பட்டதால்தான் கூடைப்பந்துக்கே வந்தார். பிறகு யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும், பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். சிறிய ஆட்டக்காரர்களைத் துரத்தி ஓடாதே, ரிங்குக்கு முன்னால் நின்று அதைக் காப்பதே உன் வேலை என்று பழைய நட்சத்திர ஆட்டக்காரர் வில்ட் சேம்பர்லின் அங்கே அவருக்குச் சொன்ன அறிவுரையை அவரே பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1984–85 பருவத்தில் அவர் செய்த 456 பிளாக்குகள் (எதிராளி ரிங்கை நோக்கி எறிந்த பந்தைக் கையால் தடுப்பது) இன்றும் முறியடிக்கப்படாத சாதனை. ஆட்டத்துக்கு ஐந்தரைக்கு மேல் வருகிறது.

ஆனால் பிளாக் என்ற கணக்கு, எறிந்த பந்தைத் தொட்டால்தான் ஏறும். எறியாமலே திரும்பிப் போனவர்களை எந்தப் புள்ளிவிவரமும் எண்ணுவதில்லை. அதற்காக ‘திரும்பியவர்கள்’ என்று தனியாக ஒரு பத்தி போட்டேன். ஒருவர் பந்தோடு உள்ளே வேகமாக நுழைவார், ஈட்டனைப் பார்த்ததும் கால் தயங்கும், பந்தை வெளியே தள்ளிவிடுவார். அல்லது வழக்கத்துக்கு மீறிய உயரத்தில் வளைத்து எறிந்து, போர்டின் விளிம்பில் அடிப்பார். அந்தப் பத்தி, பிளாக் பத்தியைவிட வேகமாக நிரம்பியது. கல்லூரி அணியில் எனக்கு மூத்தவரான அண்ணன் ஒருவர் இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆறு புள்ளிச் சராசரிக்காரருக்கு இவ்வளவு பக்கமா தம்பி?” என்று கேட்டார். உண்மைதான், ஈட்டனின் வாழ்நாள் சராசரி 6 புள்ளிகள்தான். ஆனால் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை இரண்டு முறை பெற்றவரைப் புள்ளியைக் கொண்டு அளப்பது எந்த வகையில் சேர்த்தி?

ஏட்ரியன் டான்ட்லியைக் குறிப்பெடுப்பது, ஒளிக்காமல் சொன்னால், சலிப்பான வேலை. 6 அடி 5 அங்குல உயரத்தோடு, தம்மைவிட உயரமானவர்கள் நடுவே ரிங்கருகில் நின்று ஆடியவர் அவர். பந்தை வாங்குவார், எறிவதுபோல் பாவனை காட்டுவார், மறுபடியும் காட்டுவார், எதிராளி துள்ளியதும் அவர் மேல் மோதி ஃபவுல் வாங்குவார். பிறகு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் வாய்ப்பு. 1984 ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் 29 ஃப்ரீ த்ரோக்களில் 28ஐ உள்ளே போட்டு, சேம்பர்லின் தமது 100 புள்ளி ஆட்டத்தில் செய்திருந்த சாதனையைச் சமன் செய்தார். ஆட்டத்தின் ஓட்டமே நின்று நின்று போவதால் இதைக் கொண்டாட ஆளில்லை. ஆனால் குறிப்புகளை அடுக்கிப் பார்க்கும்போது, அவர் வீணாக்கிய வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பது தெரிகிறது. மொத்தம் 23,177 புள்ளிகள். 1987 அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், பந்துக்காகப் பாய்ந்து சக ஆட்டக்காரர் வின்னி ஜான்சனின் தலையோடு மோதி மருத்துவமனைக்குப் போனார். அப்போது அவர் ஆடிய டெட்ராய்ட் அணி பாஸ்டனிடம் தோற்றது. 1989 பிப்ரவரியில் அவரை டாலஸுக்குக் கொடுத்து மார்க் அக்வைரை வாங்கினார்கள். அதே ஜூனில் டெட்ராய்ட் கோப்பையை வென்றது. அதற்குப் பிறகு அந்த அணியைப் பற்றிப் பேசும்போது அவர் பெயர் எதற்கு வரப்போகிறது?

மில்வாக்கியின் சிட்னி மான்கிரிஃப் பக்கங்களை இன்னும் முடிக்கவில்லை. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது தொடங்கிய 1983இலும் மறு ஆண்டிலும் அதைப் பெற்றவர் அவர்தான். 1983இல் பருவம் முடிந்து நடக்கும் கோப்பைச் சுற்றுகளில் அவருடைய அணி பாஸ்டனை 4–0 என்று துடைத்தெறிந்தது. அதே சுற்றுகளில் பிலடெல்பியா கோப்பைக்குப் போகும் வழியில் இழந்த ஒரே ஆட்டமும் மில்வாக்கியிடம்தான். ஆனாலும் அந்தப் பத்தாண்டில் மில்வாக்கி ஒரு முறைகூட இறுதித் தொடரை எட்டவில்லை. இங்கிலிஷ், டான்ட்லி, மான்கிரிஃப் மூவருமே 1996இல் என்.பி.ஏ. வெளியிட்ட 50 சிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் இல்லை, 2021இல் விரிவாக்கிய பட்டியலிலும் இல்லை. மூவரும் கோப்பை வெல்லாதவர்கள்.

இதற்கு அடுத்து, என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக நடந்து 1976இல் அதனோடு இணைந்த ஏ.பி.ஏ. தொடருக்குப் போகலாம் என்றிருக்கிறேன். இந்தியானா பேசர்ஸ் அணியின் ரோஜர் பிரவுன் 1970 இறுதித் தொடரின் ஓர் ஆட்டத்தில் 53 புள்ளிகள் எடுத்தவர். குற்றம் எதுவும் சாட்டப்படாமலே, ஒரு சூதாட்டக்காரருடன் பழகினார் என்பதற்காக என்.பி.ஏ. கதவை மூடியதால் ஏ.பி.ஏ.வுக்கு வந்தவர். அந்தத் தொடரின் ஆட்டங்களில் பதிவாக எஞ்சியவை மிகக் குறைவு என்பதால், வரிக்கு வரி எழுதும் முறை அங்கே செல்லாது. பழைய செய்தித்தாள்களில் வந்த ஆட்டப் பட்டியல்களையும், ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் சொல்லி வைத்திருப்பதையும் ஒப்பிட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும். அதற்கான பத்திகளை எப்படிப் பிரிப்பது என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.